வீட்டு கம்ப்யூட்டர்ல விஎம் ஹேங் ஆயிடுச்சா? எல்லாரும் கேக்கற கேள்விகளும் பதில்களும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சின்னு கேரளா-தமிழ்நாடு பார்டருக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் பசங்க எங்கிட்ட சிஸ்டத்த தூக்கிட்டு வர்றாங்க. கேரளா பக்கம் படிக்கறவங்களுக்கு ஸ்கூல்ல கைட் குனு லினக்ஸ், வீட்ல விண்டோஸ், அதனால வீட்ல ஒரு விர்ச்சுவல் மெஷின், சுருக்கமா விஎம், போட்டுக்கறாங்க. கோயமுத்தூர் காலேஜுக்குப் போறவங்க லேப் ப்ரோக்ராமுக்காக விஎம்ல உபுண்டுங்கற லினக்ஸ போட்டுக்கறாங்க. ரெண்டு பேரும் கேக்கறது ஒரே சந்தேகங்கள்தான், போன்ல சொன்னா பாதிதான் மனசுல நிக்கும், அதனால எல்லாத்தையும் இங்க எழுதி வெச்சிருக்கேன். விஎம் ஓட்டறதுக்கு நம்ம பக்கம் நிறைய பேர் வெச்சிருக்கற சாஃப்ட்வேர் விர்ச்சுவல்பாக்ஸ், அதனால மெனு பேரெல்லாம் அதுல இருக்கறபடியே சொல்றேன். அதே வேலைக்கான இன்னொரு சாஃப்ட்வேர் விஎம்வேர், அது வர்ற இடத்துல தனியா சொல்றேன்.

தம்பி, பையன் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுதுங்கறான், அது நின்னு போச்சுன்னா லேப்டாப்பே கெட்டுப்போயிருமா?

கெட்டுப்போகாதுங்க. விஎம்ங்கறது ஒரு சாஃப்ட்வேர், அவ்வளவுதான். உங்க லேப்டாப்போட ராம்ல கொஞ்சம், ப்ராசஸர்ல கொஞ்சம், ஹார்ட் டிஸ்க்ல ஒரு பெரிய ஃபைல், இத எடுத்துக்கிட்டு அதுக்குள்ள இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுது. வெளிய இருக்கறத ஹோஸ்ட்டுனும் உள்ள ஓடறத கெஸ்ட்டுனும் சொல்லுவாங்க, கீழ பூரா இந்த ரெண்டு பேரும் வரும். கெஸ்ட் எவ்வளவு மோசமா நின்னாலும் ஹோஸ்ட்ல இருக்கற போட்டோ, ஃபைல் எதுக்கும் ஒண்ணும் ஆகாது. நஷ்டம் வந்தா அந்த விஎம்முக்குள்ள பையன் எழுதி வெச்சிருக்கற வேலைக்குத்தான் வரும், அதையும் எப்படிக் காப்பாத்தறதுன்னு கடைசி கேள்வியில சொல்லியிருக்கேன்.

அண்ணா மவுஸ் விஎம்முக்குள்ள மாட்டிக்கிச்சு, வெளிய வரவே மாட்டேங்குது, ஹேங் ஆயிடுச்சுங்களா?

பாதிக்கு மேல இது ஹேங்கே கிடையாது. விஎம் ஜன்னல்ல க்ளிக் பண்ணினதும் கீபோர்டையும் மவுஸையும் கெஸ்ட் புடிச்சு வெச்சுக்கும். ஸ்பேஸ்பாருக்கு வலது பக்கம் இருக்கற கன்ட்ரோல் கீய ஒரு தடவ தட்டுங்க, விட்டுரும். அதுக்குத்தான் ஹோஸ்ட் கீன்னு பேரு, ஜன்னலோட கீழ வலது மூலையில அது எந்தக் கீன்னு எழுதியிருக்கும். விஎம்வேர்னா கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து அமுக்கணும்.

புது லேப்டாப்ல சிலதுல வலது கன்ட்ரோலே இல்ல, அந்த இடத்துல கோபைலட் கீ வெச்சிருக்காங்க. அப்ப விர்ச்சுவல்பாக்ஸ் மேனேஜர்ல ப்ரிஃபரன்சஸ், இன்புட் போயி ஹோஸ்ட் கீய வேற ஒண்ணா மாத்திக்கங்க. விஎம் போட்ட அன்னைக்கே மாத்திடறது நல்லது, மாட்டிக்கிட்ட அப்புறம் தேடினா கை நடுங்கும். ஃபுல் ஸ்க்ரீன்ல மாட்டிக்கிட்டா ஹோஸ்ட் கீயோட எஃப் அமுக்குங்க, சின்ன ஜன்னலாயிடும்.

நெசமாவே ஹேங்கா இல்ல மெதுவா ஓடுதான்னு எப்படி கண்டுபுடிக்கறதுங்க?

இதுதான் இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி, இதுக்கு பதில் தெரியாம யாரும் பவர் ஆஃப்ல கை வெக்கக் கூடாதுங்கறதுதான் என் கோரிக்கை. நின்னு போனது மூணுல ஒண்ணா இருக்கும்: உள்ள இருக்கற கெஸ்ட், நடுவுல இருக்கற விஎம் சாஃப்ட்வேர், இல்ல உங்க ஹோஸ்ட் சிஸ்டமே. மொதல்ல ஹோஸ்ட்ல ஒரு ஃபோல்டர திறந்து பாருங்க. அதுவே திறக்க திணறுச்சுன்னா விஎம்ம குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, ராமோ டிஸ்க்கோ நிறைஞ்சிருக்கு.

ஹோஸ்ட் நல்லா ஓடுதுன்னா விஎம் ஜன்னலோட கீழ்ப்பட்டையப் பாருங்க. வலது பக்கம் சின்னச்சின்ன படங்கள் வரிசையா இருக்கும், அதுல ஹார்ட் டிஸ்க் படம் விட்டு விட்டு மின்னுதுன்னா உள்ள எழுதறதோ படிக்கறதோ நடக்குதுன்னு அர்த்தம், கெஸ்ட் உயிரோட இருக்கு. அப்புறம் ஹோஸ்ட்ல டாஸ்க் மேனேஜர் திறந்து விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ங்கற ப்ராசஸ் எவ்வளவு சிபியு எடுக்குதுன்னு பாருங்க. ஏறி இறங்கிட்டிருந்தா வேலை நடக்குது. சிபியு சுத்தமா பூஜ்யத்துல படுத்து, டிஸ்க் படமும் அணைஞ்சு, உள்ள இருக்கற கடிகாரமும் நகரலைன்னா நெசமாவே ஹேங் ஆயிடுச்சுன்னு வெச்சுக்கலாம். சிபியு ஒரே அளவுல உச்சத்துல நின்னு டிஸ்க் மட்டும் செத்திருந்தா, உள்ள ஏதோ ஒரு ப்ரோக்ராம் முடிவில்லாம சுத்துதுன்னு சந்தேகப்படலாம், லேப்ல வைல் லூப் எழுதின பசங்க கிட்ட இது அடிக்கடி வரும்.

எவ்வளவு நேரம் பொறுத்துப் பாக்கலாம்?

டிஸ்க் படம் மின்னிட்டிருக்கற வரைக்கும் பொறுங்க. பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க்கா இருந்து உள்ள விண்டோஸ் அப்டேட் ஓடிட்டிருந்தா அரை மணி நேரம், ஒரு மணி நேரம் கூட இழுக்கும், அது நடுவுல நிறுத்தினாத்தான் நெஜமான பிரச்சனையே ஆரம்பிக்கும். எதுவுமே அசையலைன்னா பத்து நிமிஷம் போதும்.

பொறுத்தும் பாத்தாச்சுங்ணா, அசையல. நேரா பவர் ஆஃப் அடிச்சரட்டுமா?

கொஞ்சம் இருங்க, அதுக்கு முன்னாடி உள்ள நுழைய வழி இருக்கு. கெஸ்ட் லினக்ஸா இருந்தா ஹோஸ்ட் கீயோட எஃப்3 அமுக்குங்க, அது உள்ள கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3ன்னு போய்ச் சேரும். பல தடவ நின்னது டெஸ்க்டாப் மட்டுந்தான், அடியில லினக்ஸ் நல்லா ஓடிட்டிருக்கும். கருப்பு ஸ்க்ரீன்ல லாகின் கேட்டா உள்ள போயி டாப்னு அடிச்சு எது சிபியுவையும் ராமையும் தின்னுதுன்னு பாத்து அத மட்டும் கில் பண்ணுங்க, இல்லைன்னா அங்கிருந்தே முறையா ரீபூட் குடுங்க. கெஸ்ட் விண்டோஸா இருந்தா ஹோஸ்ட் கீயோட டெலீட் அமுக்குங்க, கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் உள்ள போகும். நேரா கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் அமுக்கினா அது ஹோஸ்ட்டுக்குத்தான் போகும்.

அதுவும் ஆகலைன்னா ஜன்னல மூடற பட்டன அமுக்குங்க, மூணு வழி கேக்கும். ரெண்டாவதா இருக்கற ஷட்டவுன் சிக்னல் குடுத்துட்டு ரெண்டு மூணு நிமிஷம் பாருங்க. அதுக்கும் பதில் இல்லைன்னாத்தான் மூணாவது, பவர் ஆஃப். அது மெயின் ஸ்விட்ச அணைக்கற மாதிரி, சேவ் பண்ணாதது போயிரும். ஜன்னலே ரெஸ்பாண்ட் ஆகலைன்னா டாஸ்க் மேனேஜர்ல அந்த விஎம் ப்ராசஸ எண்ட் டாஸ்க் பண்ணுங்க, மேனேஜர்ல அந்த விஎம் பேருக்குக் கீழ அபார்ட்டட்னு வரும், பயப்படாதீங்க, திரும்ப ஸ்டார்ட் குடுத்தா ஓடும். ரெண்டு மூணு விஎம் ஒண்ணா ஓடுதுன்னா ப்ராசஸும் அத்தனை இருக்கும், தப்பான ஆள நிறுத்திடாதீங்க, சிபியு அளவ வெச்சு எதுன்னு பாத்துக்கங்க.

அந்த மூணுல மொத வழி சேவ் ஸ்டேட்னு இருக்கே, அத குடுத்து திரும்ப திறந்தா சரியாயிருமா?

ஆகாது. சேவ் ஸ்டேட் ராம்ல இருக்கறத அப்படியே ஃபைலா எழுதி வெக்குது, நின்ன நிலைமையில சேவ் பண்ணினா நின்ன நிலைமையிலதான் திரும்ப வரும். நல்லா ஓடற விஎம்ம அவசரமா மூடறதுக்குத்தான் அது.

சேவ் பண்ணின ஸ்டேட் திறக்கும்போது எரர் அடிச்சா, விர்ச்சுவல்பாக்ஸ அப்டேட் பண்ணின அப்புறமோ விஎம்ம வேற லேப்டாப்புக்கு மாத்தின அப்புறமோ இது வரும், மேனேஜர்ல டிஸ்கார்ட் சேவ்டு ஸ்டேட் குடுங்க. பேரு பயமா இருந்தாலும் டிஸ்க்குல இருக்கற ஃபைல் எதையும் தொடாது. ராம்ல மட்டும் இருந்தது போகும், முந்தின பதில்ல சொன்ன பவர் ஆஃப் என்ன பண்ணுமோ அதேதான்.

என்கிட்ட 4 ஜிபி ராம்தான் இருக்கு, விஎம் போட்டாலே ரெண்டும் சேர்ந்து நின்னுருதுங்க

4 ஜிபில விண்டோஸும் ஓடி உள்ள இன்னொரு சிஸ்டமும் ஓடறது ரொம்பக் கஷ்டம். ராம் பத்தலைன்னா ரெண்டு சிஸ்டமும் ஹார்ட் டிஸ்க்க ராமா உபயோகிக்க ஆரம்பிக்கும், அதுவும் ரெண்டும் ஒரே டிஸ்க்க, அதுதான் நீங்க பாக்கற ஹேங். பொள்ளாச்சிப் பக்கம் நிறைய பேர் வெச்சிருக்கற பழைய இலவச லேப்டாப்ல இதுதான் கதை. உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்கே 4 ஜிபி வேணும்னு அவங்களே சொல்றாங்க, விண்டோஸ் 11க்கும் குறைஞ்சது 4 ஜிபி. அந்த லேப்டாப்ல லுபுண்டு மாதிரி லேசானத போட்டு 1.5 ஜிபி குடுத்து, ப்ரவுசர மூடி வெச்சு ஓட்டலாம். வெறும் சி ப்ரோக்ராம் கம்பைல் பண்றதுக்குத்தான்னா டெஸ்க்டாப்பே இல்லாத உபுண்டு சர்வர் போடுங்க, 1 ஜிபில ஓடும்.

8 ஜிபி இருந்தா பாதிக்கு மேல குடுக்காதீங்க. செட்டிங்ஸ்ல ராம் இழுக்கற கோடு பச்சையில இருந்து சிவப்புக்குப் போகும், பச்சையத் தாண்டாம நிறுத்துங்க. காசு செலவு பண்ண முடியும்னா மொதல்ல எஸ்எஸ்டி, அப்புறம் ராம். சுத்தற டிஸ்க்குல இருந்து எஸ்எஸ்டிக்கு மாறினாலே பாதி புகார் நின்னுருது, நான் கண்ணால பாக்கறேன்.

16 ஜிபி ராம் இருக்கு, ப்ராசஸர் கோர் எல்லாத்தையும் விஎம்முக்கே குடுத்துட்டேன், அப்பவும் ஹேங் ஆகுதே?

எல்லாத்தையும் குடுத்ததுதான் காரணம். ஹோஸ்ட் ஓட கோர் இல்லைன்னா ஹோஸ்ட் திணறும், ஹோஸ்ட் திணறினா அதுக்கு மேல ஓடற கெஸ்ட்டும் திணறும். டாஸ்க் மேனேஜர்ல கோர்னு ஒரு எண்ணும் லாஜிக்கல் ப்ராசஸர்னு ஒரு எண்ணும் தனித்தனியா காட்டும், கோர்ங்கற எண்ணுல பாதி குடுங்க. நாலு கோருக்கு ரெண்டு. மூணு குடுத்தா வேகம் கூடும்னு நினைக்காதீங்க, காலேஜ் வேலைக்கு ரெண்டு தாராளம்.

கீழ்ப்பட்டையில ஒரு பச்சை ஆமை வருதுங்ணா, அது வந்ததுல இருந்து விஎம் ஊர்ந்துட்டே போகுது

அந்த ஆமைய வெச்சதே அத சொல்றதுக்குத்தான். இன்டெல்ல விடி-எக்ஸ், ஏஎம்டில ஏஎம்டி-வின்னு ப்ராசஸருக்குள்ளயே விஎம்முக்குன்னு ஒரு வசதி இருக்கு. விண்டோஸோட சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி அத மொதல்ல புடிச்சுக்கிட்டா விர்ச்சுவல்பாக்ஸுக்கு நேரா கிடைக்காது, ஹைப்பர்-வி வழியா சுத்திப் போகணும், அதனாலதான் மெதுவாகறது, சில கெஸ்ட் நின்னே போறது. நான் ஹைப்பர்-வியே போடலையேன்னு சொல்லுவீங்க. விண்டோஸ் 11ல மெமரி இன்டக்ரிட்டிங்கற பாதுகாப்பு ஆன்ல இருந்தாலே அதுவும் அடியில இதைத்தான் உபயோகிக்குது.

சரி பண்ண ரெண்டு இடம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்ங்கறதுல ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் ப்ளாட்ஃபார்ம் மூணுலயும் டிக் எடுங்க. அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டில டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் போயி மெமரி இன்டக்ரிட்டிய ஆஃப் பண்ணுங்க. ரீஸ்டார்ட் பண்ணினா ஆமை போயி வி போட்ட ஒரு சிப் படம் வரணும். மெமரி இன்டக்ரிட்டி நெஜமான பாதுகாப்புதான், அதனால பேங்க் வேலை, கடைக்கணக்கு எல்லாம் அதே லேப்டாப்ல பாக்கறவங்க அத ஆஃப் பண்ணாதீங்க, கொஞ்சம் மெதுவா ஓடட்டும்.

ஆமைய துரத்தினேன், இப்ப டாக்கர் திறக்க மாட்டேங்குது!

ஆமா, ப்ரோக்ராம்கள தனித்தனிப் பெட்டியா ஓட்டற டாக்கர் டெஸ்க்டாப்பும் விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ ஓட்டற டபிள்யூஎஸ்எல் 2வும் நீங்க இப்ப டிக் எடுத்ததத்தான் நம்பி ஓடுது. ரெண்டும் வேணும்னா திரும்ப டிக் போட்டுட்டு, லினக்ஸ் வேலைக்கு டபிள்யூஎஸ்எல்லயே வெச்சுக்கங்க, டெஸ்க்டாப் கட்டாயம் வேணும்னா விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் போட்டுப் பாருங்க, 2024 நவம்பர்ல இருந்து எல்லாருக்கும் இலவசம். ஹைப்பர்-வி மேனேஜரையே உபயோகிக்கலாம், ஆனா அது விண்டோஸ் ஹோம் எடிஷன்ல கிடையாது, ப்ரோ வேணும். கடையில வாங்கற லேப்டாப் பெரும்பாலும் ஹோம்தான்.

பயாஸ்ல ஏதோ ஆன் பண்ணணும்னு ஃப்ரெண்ட் சொன்னான், பண்ணட்டுமா?

டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், சிபியு பாருங்க. விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டுன்னு இருந்தா பயாஸ் (விண்டோஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி திறக்கற அடிப்படை செட்டிங்ஸ்) பக்கமே போகாதீங்க. டிஸேபிள்டுன்னு இருந்தா மட்டும் போயி இன்டெல்ல விடி-எக்ஸ், ஏஎம்டில எஸ்விஎம் மோட் ஆன் பண்ணணும். அதுக்கு முன்னாடி, டிஸ்க்க பூட்டி வெக்கற பிட்லாக்கரோட ரிகவரி கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு பாத்து எழுதி வெச்சுக்கங்க, பயாஸ்ல மாத்தினா சில லேப்டாப் அடுத்த ஸ்டார்ட்ல அந்த நீளமான நம்பரக் கேக்கும், அது இல்லாம உள்ள விடாது.

விஎம் ஓடிட்டிருக்கும்போதே தானா பாஸ் ஆயி நின்னுக்குது, நான் எதையும் தொடலீங்க

சி டிரைவ்ல இடம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க, அநேகமா சிவப்புக் கோடு வந்திருக்கும். விஎம்முக்கு 50 ஜிபி டிஸ்க்னு குடுத்திருந்தாலும் டைனமிக்னா அது மொதல்ல சில ஜிபி ஃபைலாத்தான் இருக்கும், உள்ள எழுத எழுத வளரும். ஹோஸ்ட்ல வளர இடம் இல்லைன்னா விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட்ட அப்படியே நிறுத்தி வெச்சுட்டு டிஸ்க் ஃபுல்னு ஒரு மெசேஜ் காட்டும், அது மத்த ஜன்னலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். இது நல்லதுக்குத்தான் நிறுத்துது, பவர் ஆஃப் பண்ணாதீங்க! ஹோஸ்ட்ல ரெண்டு மூணு சினிமாவ அழிச்சு இடம் பண்ணிட்டு மெஷின் மெனுல பாஸ் டிக்க எடுத்துவிடுங்க, விட்ட இடத்துல இருந்து ஓடும்.

கெஸ்ட்டுக்குள்ள ஃபைல் அழிச்சா வெளிய இடம் வராது, அந்தப் பெரிய ஃபைல் வளரும், தானா சுருங்காது.

காத்துக் காலத்துல கரண்ட் போயி போயி வருது, அப்புறம் உபுண்டு இனிட்ராம்எஃப்எஸ்னு கருப்பு ஸ்க்ரீன்ல நிக்குதுங்க

பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி ஆடியில அடிக்கற அடிக்கு தென்னமட்டை லைன் மேல விழாத நாளே கிடையாது, யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்ல விஎம் ஓட்டறவங்க எல்லாருக்கும் இது வரும். கரண்ட் போன நேரம் கெஸ்ட் எழுதிட்டிருந்தது பாதியில நின்னிருக்கு, அவ்வளவுதான், டிஸ்க் போகல. அந்த ஸ்க்ரீன்லயே எந்தப் பார்ட்டிஷன்ல எரர்னு போட்டிருக்கும், ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ2 மாதிரி. எஃப்எஸ்சிகே, ஒரு இடம் விட்டு ஹைஃபன் ஒய், அப்புறம் அந்தப் பார்ட்டிஷன் பேரு, எல்லாம் சின்ன எழுத்துல அடிச்சு என்டர் குடுங்க. முடிஞ்சதும் எக்ஸிட் அடிச்சா மேல போகும். உள்ள முக்கியமான வேலை இருக்குன்னா இத பண்றதுக்கு முன்னாடி விஎம்ம ஆஃப் பண்ணி அந்தப் பெரிய டிஸ்க் ஃபைல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கங்க.

காத்து சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் சேவ் ஸ்டேட் குடுத்துடறது நல்ல பழக்கம். யுபிஎஸ்ஸுக்கு காசு போடலாமான்னு கேட்டா கட்டாயம் போடுங்கன்னுதான் சொல்லுவேன்.

லேப்டாப்ப மூடித் திறந்தா விஎம் மட்டும் செத்துக் கெடக்குது

ஸ்லீப் போகும்போது ஓடற விஎம்முக்கு அது ஒத்துக்கறதில்ல, நெட்வொர்க்கும் கடிகாரமும் குழம்பும். மூடறதுக்கு முன்னாடி சேவ் ஸ்டேட். விஎம் ஃபோல்டர் வெளி ஹார்ட் டிஸ்க்ல இருந்தா இன்னும் மோசம், ஸ்லீப்ல யுஎஸ்பி துண்டிச்சுக்கும், திரும்ப வரும்போது கெஸ்ட்டுக்கு தன் டிஸ்க்கே காணாம போயிருக்கும். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள விஎம்ம வெக்கறதும் வேண்டாம், பெரிய ஃபைல் மாறிட்டே இருக்கறதால அது நாள் பூரா அப்லோட் பண்ணிட்டே இருக்கும்.

விஎம் ஓடுது ஆனா ஸ்க்ரீன் மட்டும் கருப்பா இருக்கு

மூணாவது கேள்வியில சொன்னபடி டிஸ்க் படம் மின்னுதுன்னா இது டிஸ்ப்ளே தகராறு. விஎம்ம ஆஃப் பண்ணி செட்டிங்ஸ், டிஸ்ப்ளேல 3டி ஆக்ஸலரேஷன் டிக்க எடுங்க, வீடியோ மெமரிய 128 எம்பிக்கு ஏத்துங்க, க்ராஃபிக்ஸ் கன்ட்ரோலர் லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏன்னு இருக்கணும். விர்ச்சுவல்பாக்ஸ அப்டேட் பண்ணினா கெஸ்ட்டுக்குள்ள போடற துணை சாஃப்ட்வேரான கெஸ்ட் அடிஷன்ஸையும் அதே வெர்ஷனுக்கு ஏத்துங்க, நிறைய பேர் இத மறந்துடறாங்க.

குரு மெடிடேஷன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, சாமி சத்தியமா ஒண்ணும் பண்ணல!

நம்பறேன். கெஸ்ட் இல்ல, விர்ச்சுவல்பாக்ஸே உள்ளுக்குள்ள விழுந்துடுச்சுன்னு அர்த்தம். அந்தப் பேரு அமிகாங்கற பழைய கம்ப்யூட்டர்ல இருந்து வந்தது. திரும்ப ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி விஎம் ஃபோல்டர்ல லாக்ஸ்ங்கற இடத்துல இருக்கற விபாக்ஸ் லாக் ஃபைல காப்பி எடுத்து வெச்சுக்கங்க, ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பழசு ஒரு நம்பர் தள்ளிப் போகும், சில ஸ்டார்ட்டுக்கு அப்புறம் அழிஞ்சே போயிரும். ஒரு தடவ வந்து நின்னா விடுங்க. திரும்பத் திரும்ப வந்தா விர்ச்சுவல்பாக்ஸ் வெர்ஷன மாத்துங்க, 3டிய ஆஃப் பண்ணுங்க, அப்பவும் வந்தா ஹோஸ்ட்டோட ராம ஒரு தடவ மெம்டெஸ்ட் போட்டுப் பாக்கறது தப்பில்ல.

ஸ்னாப்ஷாட் டெலீட் குடுத்தேன், பாதியில ரொம்ப நேரமா நிக்குது, லேப்டாப்ப ஆஃப் பண்ணலாமா?

தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஸ்னாப்ஷாட்ங்கறது விஎம் ஒரு நேரத்துல இருந்த நிலைமைய அப்படியே பதிஞ்சு வெக்கறது. டெலீட்னு பேரு இருந்தாலும் அங்க நடக்கறது ரெண்டு டிஸ்க் ஃபைல ஒண்ணா சேர்க்கற வேலை, நடுவுல நிறுத்தினா விஎம்மே திறக்காம போகலாம். பல ஜிபி இருந்தா நேரம் ஆகும், ஹோஸ்ட்ல காலி இடமும் வேணும். சார்ஜர மாட்டி, ஸ்லீப் போகாத மாதிரி வெச்சுட்டு விட்டுருங்க.

விஎம்வேர்ல ஹேங் ஆச்சு, நிறுத்தினேன், இப்ப ஏற்கனவே யாரோ உபயோகிக்கறாங்கன்னு திறக்க மாட்டேங்குது

விஎம் ஃபோல்டருக்குள்ள எல்சிகேன்னு முடியற ஃபோல்டர் ஒண்ணு ரெண்டு இருக்கும், அது பூட்டு. மொதல்ல டாஸ்க் மேனேஜர்ல விஎம்வேர் ப்ராசஸ் எதுவும் ஓடலைன்னு உறுதி பண்ணுங்க, சந்தேகமா இருந்தா லேப்டாப்ப ரீஸ்டார்ட் பண்ணிடுங்க, அப்புறம் அந்த ஃபோல்டர்கள வேற இடத்துக்கு நகர்த்திட்டுத் திறங்க. ஓடற விஎம்மோட பூட்ட எடுத்தா டிஸ்க் கெட்டுப்போகும்.

எல்லாம் பண்ணியும் பூட் ஆகலீங்ணா, நாளைக்கு ரெக்கார்ட் சப்மிட் பண்ணணும், உள்ள இருக்கற ஃபைல் போச்சுங்களா?

பெரும்பாலும் போகல. மொதல்ல விஎம்ம ரிமூவ் பண்றேன்னு கெளம்பாதீங்க, அங்க டெலீட் ஆல் ஃபைல்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு, பதட்டத்துல அத அமுக்கிட்டு வந்தவங்களுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியல. விடிஐன்னு முடியற அந்தப் பெரிய டிஸ்க் ஃபைல வேற டிரைவுக்கு காப்பி எடுங்க, இனி எல்லாமே அந்த காப்பில.

செவன்-ஜிப் உங்க ஹோஸ்ட்ல இருந்தா அந்த விடிஐ மேல ரைட் க்ளிக் பண்ணி ஓபன் ஆர்க்கைவ் குடுத்துப் பாருங்க. உள்ள பார்ட்டிஷன் தெரியும், பெருசா இருக்கறத திறந்தா ஹோம், அதுக்குள்ள உங்க யூசர் பேரு, அதுக்குள்ள உங்க ப்ரோக்ராம் எல்லாம் இருக்கும், இழுத்து டெஸ்க்டாப்ல போட்டுக்கலாம். கவனிக்க வேண்டியது, ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தீங்கன்னா அந்த விடிஐல இருக்கறது மொத ஸ்னாப்ஷாட் எடுத்த நாள் வரைக்கும்தான், அதுக்கப்புறம் எழுதினது ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டர்ல தனி ஃபைலா இருக்கும், அத தனியா திறந்து ஃபைல் எடுக்க முடியாது. அப்ப விஎம் ஃபோல்டர் பூரா காப்பி எடுத்து வெச்சுட்டு, அதே விஎம்மோட செட்டிங்ஸ், ஸ்டோரேஜ்ல உபுண்டு இன்ஸ்டால் பண்ற ஐஎஸ்ஓ ஃபைல சிடி மாதிரி மாட்டி, அதுல இருந்து பூட் பண்ணி ட்ரை உபுண்டு குடுங்க. இன்ஸ்டால்னு கேக்கறத தொடாதீங்க. ஃபைல்ஸ் திறந்தா பழைய டிஸ்க் ஓரத்துல தெரியும், வேணுங்கறத ப்ரவுசர் வழியா உங்க மெயிலுக்கே அனுப்பிட்டு, விஎம்ம சரி பண்றத சப்மிட் பண்ணி முடிச்ச அப்புறம் பாத்துக்கங்க.